காதைக் கழற்றித் தட்டில் வை, அப்புறம் கேள்வி கேட்கிறேன்

நேற்று இரவு பதினொன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். தூக்கம் வரவில்லை. கோபத்தில் கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் காது கேட்காது. பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அதற்குள் தமிழ் நாக்கில் ஏறிவிட்டதால் நன்றாகப் பேசுவேன். வலது காதில் காக்ளியர் இம்பிளான்ட். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தோலுக்கு அடியில் ஒரு பகுதி, அதில் சின்னக் காந்தம். காதில் மாட்டும் பிராசஸரின் வட்டமான கம்பிச்சுருள், தலையில் அந்தக் காந்தம் இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வெளிப்பகுதியைக் கழற்றினால் எனக்கு உலகம் மொத்தமும் ஊமைப்படம். என் வீட்டுக்காரர் பிறவியிலேயே கேட்காதவர். கருவி எதுவும் கிடையாது, சைகைமொழிதான். பெங்களூர் அல்சூரில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறோம்.

அக்கா மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில்தான் இந்தக் கூத்து. எந்த விமான நிலையம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் "ஓ, அங்கேயா, அங்கே அப்படித்தான்" என்று மற்ற ஊர்க்காரர்கள் கையைக் கழுவிவிடுவார்கள்.

முதலில் சக்கர நாற்காலி வந்தது.

டிக்கெட் பதிவில் எங்களைப் போன்றவர்களுக்கென்று தனிக் குறியீடே உண்டு. டி, ஈ, ஏ, எஃப், நான்கே எழுத்து. உலகம் முழுக்க இதே குறியீடுதான். சக்கர நாற்காலிக்கு வேறு குறியீடு. ஒழுங்காகத்தான் பதிந்திருந்தோம். ஆனால் கவுன்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கையை அசைத்தார். ஒரு பையன் இரண்டு சக்கர நாற்காலிகளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். காது கேட்காதவனுக்குக் கால் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. என் வீட்டுக்காரர் அங்கேயே இரண்டு குதி குதித்துக் காட்டினார். அந்தப் பையன் சிரித்துவிட்டான். நேற்றைய நாளில் எங்களோடு சேர்ந்து சிரித்த ஒரே ஆள் அவன்தான், நன்றாக இருக்கட்டும்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. ஆண்கள் வரிசை வேறு, பெண்கள் வரிசை வேறு. அதில் தப்பில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் துணை நாங்கள் இருவர்தான். எனக்குக் கொஞ்சம் கேட்கும், பேச்சு வரும். அவருக்குக் கண் கூர்மை, யார் கூப்பிட்டாலும் முதலில் கவனித்து என் தோளைத் தட்டுவார். வரிசை பிரிந்ததும் இருவரும் பாதி ஆளாகிவிட்டோம்.

போனைத் தட்டில் போடச் சொல்கிறார்கள். அந்தப் போனில்தான், எதிரே இருப்பவர் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் லைவ் டிரான்ஸ்கிரைப் இருக்கிறது. 2019-இல் அது வந்த நாளிலிருந்து மருத்துவமனை, வங்கி, ரேஷன் கடை என்று எல்லா இடத்திலும் என் உயிரைக் காப்பாற்றி வருகிறது. எந்த இடத்தில் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் வம்போ, அந்த இடத்தில் மட்டும் அது எக்ஸ்ரே பெட்டிக்குள் போய்விடுகிறது.

திரைக்குப் பின்னால் சின்ன மேடை. ஏறி நின்று கையை விரித்தேன். சோதனை செய்யும் அம்மா உலோகம் கண்டறியும் கருவியைத் தலைப்பக்கம் கொண்டுவந்ததும் அவர் முகம் மாறியது. கருவி கூவியிருக்க வேண்டும். கூவுவது இயல்புதான், உள்ளே காந்தம் இருக்கிறதே. இதற்காகத்தான் இம்பிளான்ட் செய்பவர்களே அடையாள அட்டை தருகிறார்கள். அட்டையைக் கொடுத்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அட்டையையும் கொடுத்தேன். அதிலிருந்த போட்டோவையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. காதைக் காட்டி, கழற்று என்று சைகை செய்தார்.

கழற்றினேன். தட்டில் வைத்து வெளியே அனுப்பிவிட்டார். பெல்ட்டோடும் சில்லறையோடும் சேர்ந்து என் காது எக்ஸ்ரேக்குள் போனது.

அதன் பிறகு அந்த அம்மா என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. காதைக் கழற்றி வாங்கிக்கொண்டு கேள்வி! அதுவும் இந்தியில். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன், ஆனால் எனக்குத் தெரிந்தது தமிழ் உதடு. தமிழிலேயே பாதிக்கு மேல் ஊகம்தான். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் 'மாமா' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'பாப்பா' என்று சொல்லுங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றேதான். இந்தி உதட்டை நான் எங்கே போய்ப் படிப்பது? அதையும் அவர் என் முதுகுப்பக்கம் போய் நின்றுகொண்டு கேட்டிருக்கிறார், திரும்பியபோதுதான் வாய் அசைவதைப் பார்த்தேன்.

கருவியை மறுபடி காதருகே கொண்டுவந்தார். மறுபடி கூவியது போலிருக்கிறது. கூவத்தானே செய்யும்? காந்தம் தோலுக்கு அடியில் இருக்கிறது அம்மா, அதையும் கழற்றித் தட்டில் வைக்க வேண்டுமென்றால் டாக்டரைக் கூட்டி வாருங்கள்! இதைத்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன். ஆனால் பிராசஸர் இல்லாதபோது என் குரல் எனக்கே கேட்காது. எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று தெரியாது. கத்தியிருக்கிறேன். அவர் ஓர் அடி பின்வாங்கினார். இன்னொருவர் திரைக்குள் வந்து பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தார். காது கேட்காதவரைப் பின்னாலிருந்து திடீரென்று பிடிக்காதீர்கள், தயவுசெய்து. ஆள் வரும் அரவம் எங்களுக்குத் தெரியாது. நான் துள்ளினேன். துள்ளினால் இன்னும் சந்தேகம்.

இதற்கிடையில் வெளியே வேறொரு நாடகம். அக்கா எங்களுக்குத் தாம்பூலத்தோடு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு கொடுத்திருந்தாள். உச்சியில் அன்னம் வைத்தது, திருகிக் கழற்றிப் பையில் வைத்திருந்தோம். எக்ஸ்ரேயில் கருப்பாக ஏதோ தெரிந்ததால் பையை ஒதுக்கிவிட்டார்கள். ஒதுக்கினால் என்ன செய்வார்கள்? "யாருடைய பை?" என்று சத்தம் போடுவார்கள். பைக்காரர்கள் இருவரும் கேட்காதவர்கள். மூன்று முறையோ நான்கு முறையோ கூப்பிட்டிருக்கிறார்கள், யாரும் வரவில்லை. சொந்தக்காரன் இல்லாத பை, உள்ளே கனமான உலோகம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து ஓடிவந்து கையால் விளக்க ஆரம்பித்திருக்கிறார். விளக்கு, பூஜை, அக்கா, பரிசு, எல்லாம் இரண்டு கையாலும் வேகமாக. எதிரே நின்றவர் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லிவிட்டார். சைகைமொழிக்காரரைக் கையைத் தூக்கச் சொன்னால் வாயைப் பொத்துவதற்குச் சமம் என்று அவருக்கு யார் சொல்வது?

நான் திரையை விலக்கி வெளியே வந்தபோது அவர் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், கூட்டத்துக்கு நடுவே, இரண்டு கையும் மேலே.

வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்த மனைவியிடம் சொன்னார்: "பாவம், செவிட்டு ஊமை போல." அந்த அரைமணி நேரத்தில் எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே வாக்கியம் அதுதான். சுத்தமான தமிழ் உதடு! "ஊமை இல்லை சார், நல்லாவே பேசுவேன்" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது, மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரிந்தவர், இரண்டு வார்த்தை இந்தியில் எடுத்துச் சொல்லி உதவியிருக்கலாம். போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

காலையில் இதைச் சொன்னபோது எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா எழுதுகிறார், "எல்லாம் நம் பாதுகாப்புக்குத்தானே அம்மா, கொஞ்சம் பொறுத்துப் போகணும்" என்று. மாமா, அதே விமானத்தில்தான் நானும் பறக்கிறேன். சோதனை வேண்டாம் என்று எப்போது சொன்னேன்? தடவிப் பாருங்கள், பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள், தனியறைக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். என்ன வேண்டும் என்று எனக்குப் புரியும்படி சொல்லுங்கள், அவ்வளவுதான். ஒரு துண்டுக் காகிதம், ஒரு பேனா. பக்கத்து மேஜையில் பெரிய ரெஜிஸ்டர் நோட்டு இருந்தது. நூல் கட்டிய பேனாவும் இருந்தது. நான் அதைக் காட்டி எழுதச் சொன்னேன். ஏதோ கையெழுத்துப் போடக் கேட்கிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

கத்தி கொண்டுவராதே, லைட்டர் கொண்டுவராதே என்பதற்கெல்லாம் சுவர் முழுக்கப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். 'திரும்பி நில்', 'இது உங்கள் பையா', 'திறந்து காட்டுங்கள்', இந்த மூன்றுக்கும் ஒரு அட்டையில் படம் போட்டு மேஜையில் வைக்க எவ்வளவு செலவாகும்? லேமினேஷனோடு நூறு ரூபாய் இருக்குமா?

2011 கணக்கெடுப்பிலேயே கேட்கும் திறன் குறைபாடு உள்ளவர்கள் இந்த நாட்டில் 50 லட்சத்துக்கு மேல். அதில் விமானம் ஏறும் முதல் இரண்டு பேர் நாங்கள்தானா? சட்டமும் இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் 'கேளாதவர்' என்று அளவு உட்பட எழுதி வைத்திருக்கிறது. போக்குவரத்தில் எங்களுக்கு வசதி செய்து தருவதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷை 2012-இல் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிட்டார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அவருக்கு நடந்ததும் எங்களுக்கு நடந்ததும் ஒன்றில்லை, ஆனால் அந்தத் தீர்ப்புக்கு அப்புறமாவது உடம்பைப் பார்த்து முடிவுகட்டுவது நின்றிருக்க வேண்டாமா? 2021 அக்டோபரில் நடிகை சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பிரதமருக்கு வீடியோ போட்டார். நாடே பேசியது, மன்னிப்பும் வந்தது. காலைக் கழற்றுவதற்கு மன்னிப்புக் கேட்டவர்களுக்குக் காதைக் கழற்றுவது மட்டும் எப்படிச் சாதாரணம் ஆனது? அவர் பிரபலம், வீடியோவில் பேசினார், கேட்டார்கள். என் வீட்டுக்காரர் கையால் பேசி ஒரு வீடியோ போட்டால் எத்தனை பேருக்குப் புரியும்?

அமெரிக்காவில் இதே வேலையைப் பார்க்கும் டிஎஸ்ஏ, காது கருவியையோ இம்பிளான்ட்டின் வெளிப்பகுதியையோ கழற்றத் தேவையில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது. அமெரிக்கா என்றதும் "அங்கே பணம் இருக்கு" என்பார்கள். சரி, அமெரிக்கா வேண்டாம். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் வாருங்கள். எனக்குப் பூ கொடுக்கும் கன்னடத்துப் பாட்டிக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. முழங்கையைக் காட்டி எத்தனை முழம் என்று விரலால் கேட்பார். விலையையும் விரலால்தான். விரலில் அடங்காவிட்டால் தூசி படிந்த ஸ்கூட்டர் சீட்டில் எழுதிக் காட்டுவார். யார் அவருக்குப் பயிற்சி கொடுத்தது?

முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் டிஜியாத்ரா 2022 டிசம்பரில் பெங்களூர் விமான நிலையத்தில் வந்தபோது நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம். அந்த இயந்திரம் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். ஒரு இயந்திரத்துக்குத் தெரிந்த நாகரிகம்! லண்டன் காட்விக் விமான நிலையத்தில் 2016-இல் தொடங்கிய சூரியகாந்திக் கழுத்துப்பட்டை பற்றியும் தோழிகள் சொல்கிறார்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் போட்டுக்கொள்வது. நல்ல விஷயம்தான். ஆனால் அட்டையைக் கையில் கொடுத்தே படிக்காதவர், கழுத்தில் தொங்கும் பூவைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியில் யாரோ ஒரு மேலதிகாரி வந்தார், அட்டையைப் படித்தார், இரண்டே நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். 'சாரி' என்று உதடு அசைந்தது. பிராசஸரைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். கேட் மாறியிருந்தது. அதையும் வாயால்தான் அறிவித்திருக்கிறார்கள். ஓடினோம்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் விளக்கு இருக்கிறது, அன்னத்தைக் காணோம். பையைக் கிளறியபோது தனியாக எடுத்து வைத்து, திருப்பி வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அக்கா கொடுத்த விளக்கு, மொட்டையாக நிற்கிறது. காலையில் அவர்களின் இணையதளத்தில் தொலைந்த பொருள் பகுதியைத் தேடிப் பிடித்தேன். விவரங்களுக்கு அழைக்கவும் என்று ஒரு தொலைபேசி எண். அவ்வளவுதான், மின்னஞ்சல் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கரில் போட்டு என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "பாட்டு ஓடுது அக்கா, காத்திருக்கச் சொல்றாங்க" என்கிறாள். பதினெட்டு நிமிடம் ஆகிறது.