எரிவு நின்றால் நரம்பு சுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை

அண்ணை, "சலரோகக்காரருக்குக் கால் எரிவு நின்றால் நரம்பு சுகம், குளிசையை விடலாம்" என்று எழுதியிருக்கிறீங்கள். இது பிழை, ஆபத்தும்கூட. நரம்பு இன்னும் கூடுதலாகச் செத்துப்போனாலும் எரிவு நிற்கும். பிறகு விறைப்புத்தான் மிஞ்சும். ஆணி ஏறினாலும், நல்லூர்த் திருவிழாவில வெறுங்காலோட சுடுமணலில நடந்து கொப்பளிச்சாலும் தெரியாது. வியர்வையைச் சுரக்கவைக்கிற நரம்பும் பழுதாகிறதால தோல் வறண்டு வெடிக்கும், கிருமி அதுக்குள்ளால போகும். கனபேருக்குக் கால் எடுக்கவேண்டி வாறது இப்பிடி ஒரு சின்னப் புண்ணிலதான் தொடங்குது. இதயத்து நரம்பு பாதிச்சால் மாரடைப்புக்கூட நெஞ்சுநோ இல்லாமல் வரலாம்.

தயவுசெய்து குளிசையை விடாதேங்கோ. கிளினிக்கில 10 கிராம் அழுத்தத்தில வளையிற நைலோன் இழையால பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ. ஒவ்வொரு நாளும் படுக்கமுதல் உள்ளங்காலைக் கண்ணாடி பிடிச்சுப் பாருங்கோ.