பத்து வரி கோடுக்கு ஒரு பேக்கேஜா?

தேதியை நாள், மாதம், ஆண்டு என்று மாற்றிக் காட்ட வேண்டும். பத்து வரிக் கோடில், அதாவது நிரலில், முடிகிற வேலை. அதற்கும் உடனே ஒரு 'என்பிஎம் இன்ஸ்டால்', அதாவது ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து அடுத்தவர் எழுதிவைத்த கோடை இறக்கிக்கொள்வது! வருகிற பேக்கேஜ் தனியாகவா வருகிறது? அது நம்பியிருக்கிற மற்ற பேக்கேஜ்கள் என்று சொந்தபந்தம் அத்தனையையும் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. கோடைச் சரிபார்க்கிற ரிவ்யூவில் "இது எதற்கு?" என்று கேட்டால், "எல்லாரும் இதைத்தானே போடுகிறார்கள்" என்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தராவது திறந்து பார்த்திருப்பார்களா?

ஒரு எண் இரட்டைப்படையா என்று பார்க்க 'இஸ்-ஈவன்' என்று ஒரு பேக்கேஜ். அது 'இஸ்-ஆட்' இல்லாமல் ஓடாது. இப்படி ஒன்று இருப்பதுகூடப் பரவாயில்லை. அதை வாடிக்கையாளரின் ப்ராஜெக்டில் சேர்க்கிறார்களே! 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரிக் கோடை எழுதியவர் அதை என்பிஎம்மிலிருந்து எடுத்ததும் அதை நம்பியிருந்த பில்டுகள், அதாவது கோடை மென்பொருளாகத் தயாரிக்கும் வேலைகள், உலகம் முழுக்க உடைந்தன. அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?

அப்புறம் இந்த லாக் ஃபைல், எந்த பேக்கேஜில் எந்தப் பதிப்பு என்று துல்லியமாகக் குறித்துவைக்கிற கோப்பு. இருவர் செய்த மாற்றங்கள் மோதுகிற மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வருகிறதாம், அதனால் கோடின் மாற்றங்களைச் சேமிக்கிற கிட்டில் அதைச் சேர்க்க மாட்டார்களாம். பதிப்பு எண்ணுக்கு முன்னால் நிற்கிற அந்த கேரட் குறி (^) என்ன செய்யும் என்று தெரியுமா? ^1.4.0 என்று எழுதியிருந்தாலும், 2.0.0-க்குக் கீழே புதிதாக எது வந்தாலும் இழுத்துக்கொள்ளும். 2022 ஜனவரியில் 'கலர்ஸ்' பேக்கேஜை எழுதியவரே அதில் முடிவில்லாத லூப் ஒன்றை வைத்து வெளியிட்டபோது, லாக் ஃபைல் இல்லாதவர்கள் அடுத்த இன்ஸ்டாலிலேயே மாட்டினார்கள். லாக் ஃபைலை கிட்டில் வையுங்கள், பில்ட் சர்வரில், லாக் ஃபைலில் உள்ளதையே அப்படியே நிறுவுகிற 'என்பிஎம் சிஐ' ஓட்டுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இதையெல்லாம்விட வயிறு எரிகிற விஷயம் வேறு. எக்ஸ்இஸட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவி எத்தனையோ லினக்ஸ் சர்வர்களில் இருக்கிறது. பல வருடங்களாக அதைப் பராமரித்தவர் ஒரே ஒரு மனிதர், அதுவும் சம்பளமில்லாமல். ஏன் இவ்வளவு மெதுவாக வேலை நடக்கிறது என்று அவரை மெயிலில் நெருக்கினார்கள். உதவுகிறேன் என்று வந்து நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் உள்ளே திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைகிற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை வினாடி தாமதமாகிறதே என்று துருவியதால்தான் தப்பித்தோம்.

இத்தனைக்குப் பிறகும், அடுத்தவர் கோடை வைத்துக் கோடிக்கணக்கில் பில் போடுகிற நிறுவனம் அதை எழுதியவருக்கு ஒரு ரூபாய் அனுப்புவதில்லை. பக் வந்தால் மட்டும் பிழைகளைத் தெரிவிக்கிற அவருடைய இஷ்யூ பக்கத்தில் போய், "எப்போது சரிசெய்வீர்கள்? எங்கள் கஸ்டமர் காத்திருக்கிறார்" என்று அதட்டுகிறது. உங்கள் கஸ்டமருக்கு அவரா பதில் சொல்ல வேண்டும்? அவருக்குப் பணம் அனுப்புங்கள், இல்லையென்றால் நீங்களே சரிசெய்து, அந்தத் திருத்தத்தை ஏற்கச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் போடுங்கள்.