தூக்கத்தில் அமுக்குவது ஆவியா? உண்மை விளக்கம்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. தூக்கத்தில் நெஞ்சில் ஏறி அமுக்குவது கடலில் இறந்தவர்களின் ஆவியாம், தலைமாட்டில் இரும்பு வைத்தால் போதுமாம். இது தவறு.

நாம் கனவு காணும்போது கை கால் ஆடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில நேரம் அந்தத் தளர்ச்சி விலகும் முன்பே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், கத்த வராது, கனவின் மிச்சம் அறைக்குள் ஆள் நிற்பதுபோலத் தெரியும். மார்புத் தசைகளும் தளர்ந்திருப்பதால் மூச்சு முட்டுவதுபோல இருக்கும். ஆனால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானம் வேலை செய்துகொண்டே இருப்பதால் மூச்சு நிற்காது. சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானே சரியாகிவிடும்.

இரவு முழுக்க விசைப்படகில் வலை இழுத்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். தூக்கக் குறைவு, மனக்கவலை, மல்லாந்து படுப்பது எல்லாமே தூண்டும். கடலுக்குப் போனவர் வரும்வரை கண்விழித்துக் கிடக்கும் பெண்களுக்கும் வரும்; அவர்களைப் பேய் பிடித்தவள் என்று சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கம் இருந்தாலோ, ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மருத்துவரைப் பாருங்கள்.