கோடக் பூட்டி வைக்கவில்லை
"டிஜிட்டல் கேமராவைக் கண்டுபிடித்த கோடக், பிலிம் வியாபாரம் போய்விடும் என்று அதைப் பூட்டி வைத்தது, 1999இல் வந்த நிக்கான் டி1தான் முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. (எஸ்எல்ஆர் என்றால், லென்ஸ் வழியாக வரும் காட்சியையே உள்ளே இருக்கும் கண்ணாடி மூலம் பார்த்துப் படமெடுக்கும் கேமரா.)

1975இல் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் கோடக்கில் செய்த மாதிரி டிஜிட்டல் கேமரா விற்பனைக்கு வரவில்லை, உண்மைதான். ஒரு படத்தை கேசட்டில் பதிய அதற்கு 23 விநாடி ஆனது, படமோ 0.01 மெகாபிக்சல். அதை அப்படியே கடையில் வைத்திருக்க முடியாது. ஆனால் 1991இலேயே கோடக் டிசிஎஸ் என்ற டிஜிட்டல் எஸ்எல்ஆர் விற்பனைக்கு வந்துவிட்டது. நிக்கான் எஃப்3 என்ற பிலிம் கேமராவின் உடலில் 1.3 மெகாபிக்சல் சென்சார். படங்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் தனிப் பெட்டியாகத் தோளில் தொங்கும். விலை சுமார் 20,000 டாலர். 1994இல் ஆப்பிள் பெயரில் வந்த குவிக்டேக் 100 டிஜிட்டல் கேமராவைத் தயாரித்ததும் கோடக்தான்.

டி1இன் பெருமை வேறு. 2.7 மெகாபிக்சல்தான், ஆனால் எல்லாம் ஒரே உடலுக்குள், 6,000 டாலருக்கும் குறைவான விலையில். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பிலிமை விட ஆரம்பித்தது அதனால்தான். அப்புறம் 2003இல் 1,000 டாலருக்குள் கேனான் 300டி என்ற டிஜிட்டல் எஸ்எல்ஆர் வந்ததும் ஆர்வலர்களும் மாறினார்கள்.

கோடக் சறுக்கியதற்குக் காரணம் தேடலாம். ஆனால் அங்கே டிஜிட்டலுக்காக உழைத்த பொறியாளர்களை இல்லாதவர்களாக்க வேண்டாம்.