"ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள்

அம்மாவுக்கு மாரடைப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். எங்களுக்குத் தெரிந்ததோ புதன்கிழமை இரவில். இடையில் அவர் இட்லிக்கு மாவு அரைத்தார், கொடியில் துணி காயப்போட்டார், இரண்டு முறை ஓமத் தண்ணீர் குடித்தார். தோளும் தாடையும் வலித்ததை, மூச்சு வாங்கியதை வாய்வு என்று தானே முடிவுகட்டிக்கொண்டார். 108-ஐ அழைத்திருக்கலாமே என்று பிறகு கேட்டேன். தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்றால் அக்கம்பக்கம் கூடிவிடுமே என்றார்.

அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் 12 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பெரிதாகப் பயன் தரும். அதிலும் முதல் ஓரிரு மணி நேரம்தான் பொன்னானது. அம்மா பிழைத்துவிட்டார். இதயத் தசையில் ஒரு பகுதி பிழைக்கவில்லை.

மருத்துவமனைக்கு மக்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால் பணம், தூரம், அறியாமை என்று அடுக்குகிறோம். மூன்றும் உண்மை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை நடக்கும் தூரம். காப்பீட்டு அட்டை பீரோவில் இருந்தது. அழைத்துப் போக ஆளும் இருந்தது. தடுத்தது அம்மாவின் சுபாவம். யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று அறுபது வருடம் வாழ்ந்தவர், நெஞ்சு அடைத்தபோதும் அப்படியே நடந்துகொண்டார். நாங்களும் அதைப் பொறுமை என்று புகழ்ந்து வளர்த்துவிட்டோம். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

சித்தி நேர் எதிர். தலை வலித்தாலும் டாக்டரிடம் போய்விடுவார். குடும்பமே கேலி செய்யும். அந்தக் "கேலிக்குரிய" சித்திக்குத்தான் சர்க்கரை ஆரம்பத்திலேயே தெரிந்தது, இன்றுவரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதற்காக அவர் சுகமாக இருக்கிறார் என்று சொல்ல மாட்டேன். "பயப்பட எதுவும் இல்லை" என்று டாக்டர் சொன்ன நிம்மதி அவருக்கு இரண்டு நாள்கூடத் தங்காது. மறுபடி ஸ்கேன், மறுபடி தூக்கமில்லாத இரவு. அப்பாவுக்கும் அதே பயம் உண்டு, சித்தியைவிட அதிகமாகவே. ஆனால் அவரை அது மருத்துவமனைக்கு எதிர்த்திசையில் ஓடவைக்கிறது. "போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள்" என்பார்.

1921-இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் சுமார் 1,500 சிறுவர் சிறுமியரைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார். அது பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அந்தத் தரவுகளை ஆராய்ந்து ஹோவர்ட் ஃபிரீட்மன் குழுவினர் 1993-இல் வெளியிட்ட முடிவு பலரை வியக்கவைத்தது. சிறுவயதில் பொறுப்பும் ஒழுங்கும் மிக்கவர்களாக இருந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்திருந்தார்கள். கலகலப்பானவர்கள் அப்படி வாழவில்லை. "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று எதையும் சிரித்துத் தள்ளும் மாமாக்கள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. அவர்களை நினைத்தால் எனக்கு அந்த முடிவு விளங்குகிறது.

சுபாவத்தை மாற்று என்று யாரிடமும் சொல்ல முடியாது. என் கோபம் வேறு இடத்தில். மாரடைப்புக்கு இரண்டு மாதம் முன்பு அம்மா ஒரு மருத்துவரிடம் போயிருந்தார். அசதி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "வேறு ஏதாவது?" என்றதற்கு "ஒன்றுமில்லை" என்றிருக்கிறார். சத்து மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். பதினைந்து வருடச் சர்க்கரை நோயாளி அவர். சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம் என்பது மருத்துவர்கள் அறியாததா? ஓர் ஈசிஜி எடுக்க எத்தனை நிமிடம் ஆகும்? வாய்விட்டுச் சொல்பவருக்குத்தான் வைத்தியம் என்றால், சொல்லத் தெரியாதவர்கள் எங்கே போவார்கள்?

அதனால்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருவதை வசதிக் குறைவானவர்களுக்கான உதவியாக மட்டும் பார்க்கிறோம். கூச்சக்காரர்களுக்கும் அதுதான் வழி.

எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலப் பெண் வாசலில் நின்று "அம்மா, பிரஷர் பார்க்கணும்" என்று குரல் கொடுப்பார். வெயிலில் நடந்து வந்த பெண்ணை எப்படித் திருப்பி அனுப்புவது என்று அம்மா கையை நீட்டிவிடுகிறார். போன மாதம் அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்துக்கொண்டே, இரவில் கால் வீங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். எங்களில் யாரிடமும் அதுவரை சொல்லவில்லை.