தகுதிகாண் காலத்தில் சங்கம் கூடாதா?

"தகுதிகாண் காலம் முடியும்வரை ஆசிரியர் சங்கத்தின் பக்கமே போகாதீர்கள், சிக்கல் வந்தால் அப்போது சேர்ந்துகொள்ளலாம்" என்று ஒருவர் புது ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறார். நல்லெண்ணம்தான், ஆனால் தவறான யோசனை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கை (1948) எந்த வேறுபாடும் இன்றிச் சங்கத்தில் சேரும் உரிமையைச் சொல்கிறது. உறுப்பினர் என்பதற்காக வேலையைப் பறிப்பதை 98ஆம் உடன்படிக்கை (1949) எதிர்க்கிறது. இவை ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். அதனால் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் நியமன ஆணையையும் படித்துவிடுங்கள்.

சிக்கல் வந்த பிறகு சேர்வது, வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுகிற கதை. சேர்வதற்கு முன்பே தொடங்கிய பிரச்சினையைப் பல சங்கங்கள் கையில் எடுப்பதில்லை. தகுதிகாண் காலத்தில் நீக்குவது எளிது என்பது உண்மையே. துணை அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதானே?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து தந்த, ஆசிரியர் நிலை பற்றிய 1966ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஒழுங்கு நடவடிக்கை என்றால் குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும், ஆதாரங்களைப் பார்க்க விட வேண்டும், விரும்பிய பிரதிநிதி வாதாடலாம் என்கிறது. அது சட்டம் அல்ல, பரிந்துரை மட்டுமே. ஆனால் கடிதத்தில் எடுத்துக்காட்டினால் எடை உண்டு.

அப்புறம் ஒன்று. "சும்மா பேசலாம் வாங்க" என்று தலைமையாசிரியர் கூப்பிட்டால், எதைப் பற்றி என்று முதலில் கேளுங்கள். பேசி முடித்த அன்றே, பேசியதைச் சுருக்கி அவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஏதாவது தாளை நீட்டினால் கையெழுத்து மட்டும் அங்கேயே போட்டுவிடாதீர்கள், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.