தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடும் கதைகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தின் சென்ற மாதக் கூட்டத்துக்கு உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்ட்டோவின் ‘சியா ஹாஷியே’ தொகுப்பை எடுத்துக்கொண்டோம். ‘கறுப்பு ஓரங்கள்’ என்று தமிழில் சொல்லலாம். பிரிவினைக் கலவரத்தின் சூடு ஆறுவதற்குள், பம்பாயை விட்டு லாகூருக்குக் குடிபெயர்ந்த அதே 1948ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறிய நூல் அது. மொத்தம் 32 கதைகள். சில இரண்டே வரிகளில் முடிந்துவிடும். சில இரண்டு மூன்று பக்கம் நீளும். சில வெறும் உரையாடல், சில செய்தித்தாள் துணுக்கு போன்றவை, சில கேட்பதற்கு அப்பட்டமான நகைச்சுவைத் துணுக்குகள்.

இவ்வளவு சிறிய நூலை ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று எண்ணி ஒரே மூச்சில் படித்தேன். அதுதான் நான் செய்த பிழை. பத்தாவது கதையைத் தாண்டியதும், கதையைப் படிப்பதை விட்டுவிட்டுக் கடைசி வரியில் என்ன வரப்போகிறது என்று ஊகிக்கத் தொடங்கியிருந்தேன். வார இதழ்களின் ஒரு பக்கக் கதைகளைப் படித்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பழக்கம் எளிதில் விடாது. கடைசி வரியில் திருப்பம் இருக்கும், அதைப் படித்ததும் ஒரு ‘அட!’ போட வேண்டும், பிறகு பக்கத்தைத் திருப்பிவிட வேண்டும். குறுங்கதை என்றாலே நமக்குள் ஓடும் இலக்கணம் இதுதான். இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்ட்டோவை அளந்தால் பாதிக் கதைகள் தேறாது. தேறுகிறவையும் தவறான காரணத்துக்காகத் தேறும்.

கூட்டத்தில் நண்பர் ஒருவர் விளையாட்டாக ஒரு சோதனை செய்தார். ஐந்து கதைகளைத் தலைப்பில்லாமல் நகலெடுத்து வந்து எங்களுக்குக் கொடுத்து, நீங்களே தலைப்பு வையுங்கள் என்றார். ‘மனிதம்’, ‘குருதி’, ‘எல்லைக்கோடு’, ‘மரித்த மனசாட்சி’ என்றெல்லாம் எழுதிக் கொடுத்தோம். (‘மரித்த மனசாட்சி’ என்னுடையது. ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.) பிறகு அவர் மண்ட்டோ வைத்த தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அறை சற்று நேரம் அமைதியாகிவிட்டது.

அவற்றில் ஒன்று ‘ஜெல்லி’. காலை ஆறு மணிக்கு, பெட்ரோல் பங்குக்கு அருகில் தள்ளுவண்டியில் ஐஸ் விற்பவனைக் கத்தியால் குத்திவிடுகிறார்கள். ஏழு மணி வரை அவன் உடல் சாலையில் கிடக்கிறது. வண்டியில் உருகும் ஐஸ் அதன்மேல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஏழேகாலுக்குப் போலீசார் உடலை எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். ஐஸும் இரத்தமும் சாலையிலேயே கிடக்கின்றன. அவ்வழியே ஒரு குதிரைவண்டி போகிறது. அதில் இருக்கும் குழந்தை, உறைந்து பளபளக்கும் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, தாயின் கையை இழுத்து, அதோ ஜெல்லி என்று காட்டுகிறது. அவ்வளவுதான் கதை.

நாம் எழுதியிருந்தால் அந்தக் கடைசிச் சொல்லைக் கடைசிவரை பொத்திப் பொத்தி வைத்திருப்போம். மண்ட்டோ அதைத் தூக்கித் தலைப்பில் போட்டுவிடுகிறார். அது தெரிந்தபின் மற்றவற்றைப் புரட்டிப் பார்த்தால், பல கதைகளில் இதையே செய்திருக்கிறார். ‘சாரி’ (Sorry) என்ற கதையில் கத்தி வயிற்றைக் கிழித்துக்கொண்டு தொப்புளுக்குக் கீழே இறங்குகிறது, பைஜாமா நாடா அறுந்துபோகிறது, தான் குத்தியது தன் மதத்தவனையே என்பதைக் கண்டுகொண்டவன் வாயிலிருந்து ‘ச்சு ச்சு, மிஷ்டேக் ஆகிவிட்டது’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. தலைப்பும் அதே வருத்தத்தைத்தான் சொல்கிறது. ‘ஓய்வு தேவை’ என்ற பொருள்படும் தலைப்புள்ள கதையில் இரண்டு குரல்கள் மட்டுமே. இவன் இன்னும் சாகவில்லை, உயிர் இருக்கிறது பார் என்கிறது ஒன்று. விட்டுவிடப்பா, களைத்துப்போய்விட்டேன் என்கிறது மற்றொன்று. ‘அற்புதம்’ என்ற பொருளில் ‘கராமாத்’ என்று பெயரிட்ட கதையில், போலீஸ் சோதனைக்குப் பயந்து கொள்ளையடித்த சர்க்கரை மூட்டைகளைக் கிணற்றில் போடப் போனவன் ஒரு மூட்டையோடு தானும் உள்ளே விழுகிறான். வெளியே எடுத்தும் பிழைக்கவில்லை. மறுநாள் கிணற்று நீர் இனிக்கிறது. அன்றிரவே அவன் சமாதியில் விளக்குகள் எரிகின்றன.

தலைப்பைப் படிக்கும்போதே முடிவு கையில் கிடைத்துவிடுவதால், வாசகனுக்கு ஊகிக்கும் வேலை இல்லை. நடுவில் இருப்பதைப் பார்த்தே தீர வேண்டும். ‘ஜெல்லி’யில் அப்படிப் பார்க்கக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம். ஆறு மணி, ஏழு மணி, ஏழேகால் என்று காவல் நிலையப் பதிவேட்டைப் போல நேரம் குறிக்கப்படுகிறது. குத்தியவன் யார், செத்தவன் எந்த மதம் என்று ஒரு சொல் கிடையாது. ஒரு மணி நேரம் அந்தத் தெருவில் யாரும் அருகே போகவில்லை என்பதை ஆசிரியர் எங்கும் எழுதவில்லை. கடிகாரம் மட்டுமே அதைச் சொல்கிறது. மூன்றாம் முறை படிக்கும்போதுதான் எனக்கு அது தட்டுப்பட்டது. எனவே குறுங்கதைத் தொகுப்பொன்றை மதிப்பிடும்போது நான் இப்போது கேட்கும் கேள்வி இதுதான்: முடிவு தெரிந்த பிறகும் படிக்க அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இதே கேள்வியைக் கேட்டால் இந்தத் தொகுப்பிலும் சில கதைகள் விழுகின்றன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மண்ட்டோ என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘எச்சரிக்கை’ என்ற பொருளில் ‘கபர்தார்’ என்று பெயரிட்ட கதையில், கலவரக்காரர்கள் வீட்டுக்காரரை வெளியே இழுத்துப் போடுகிறார்கள். அவர் எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, என்னைக் கொன்றாலும் கொல்லுங்கள், என் பணத்தில் மட்டும் கைவைக்காதீர்கள் என்கிறார். இது பழைய கஞ்சன் துணுக்கு. 1947ஐ எடுத்துவிட்டு எந்த ஊர்க் கொள்ளையில் இதைப் பொருத்தினாலும் பொருந்தும். ‘ஹலாலும் ஜட்காவும்’ கதையிலும், கழுத்தை மெல்ல அறுப்பதா, ஒரே வெட்டாக வெட்டுவதா என்று அறுக்கும் முறையைப் பற்றிய வாக்குவாதம் எங்கே போய் முடியும் என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் மிஞ்சுவது அதிகமில்லை. என் கணக்கில் ஏழெட்டுக் கதைகள் இல்லாமலும் இந்நூல் நின்றிருக்கும்.

என் கேள்விக்கு அடங்காத கதை ஒன்றும் உண்டு. ‘ஜூத்தா’, அதாவது செருப்பு. லாகூரில் கூட்டமொன்று சர் கங்காராமின் சிலையைத் தாக்குகிறது. ஒருவன் அதன் முகத்தில் தார் பூசுகிறான். இன்னொருவன் பழைய செருப்புகளை மாலையாகக் கோத்துச் சிலையின் கழுத்தில் போடப் போகும்போது போலீசார் சுடுகிறார்கள். காயம்பட்ட அவனைக் கட்டுப்போடுவதற்கு சர் கங்காராம் மருத்துவமனைக்கே அனுப்பிவைக்கிறார்கள். இது முழுக்க முழுக்கக் கடைசி வரியை நம்பி நிற்கும் கதை; தலைப்பும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் பழையதாகவில்லை. கங்காராம் என்பவர் லாகூரில் பல கட்டடங்களை எழுப்பிய, 1927இல் மறைந்த பொறியாளர் என்பதும், அவர் நிறுவிய மருத்துவமனை இன்றும் லாகூரில் அதே பெயரோடு இயங்குகிறது என்பதும் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மண்ட்டோ இங்கே கதையைப் புனைய வேண்டிய அளவுக்கு ஊர் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர், பிணங்களை வைத்து ஜோக் அடிப்பது தகுமா என்று கேட்டார். இது புதிய கேள்வியல்ல. நூல் வந்த காலத்திலேயே முற்போக்கு எழுத்தாளர்கள் சிலர் இதே கோபத்தைக் காட்டினார்கள். செத்தவர்களின் பைகளைத் துழாவியவன் என்ற அளவுக்குத் தன்னைப் பேசினார்கள் என்று மண்ட்டோவே பிற்பாடு எழுதியிருக்கிறார். முன்னுரை எழுதியவர் முற்போக்கு அணியை எதிர்த்த விமர்சகர் முகம்மது ஹசன் அஸ்கரி என்பதும் அந்த அணியினருக்குப் பிடிக்கவில்லை. நான் அந்தக் கேள்விக்கு நூலின் சமர்ப்பண வரியைக் காட்டினேன். தான் செய்த கொலைகளை விவரித்துக்கொண்டே வந்து, ஒரு கிழவியைக் கொன்றபோதுதான் கொலை செய்துவிட்டதாகத் தோன்றியது என்று சொன்ன மனிதனுக்கு அந்நூலைச் சமர்ப்பித்திருக்கிறார். கேட்டவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவர் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

எனக்கு உருது தெரியாது. மொழிபெயர்ப்புகளின் வழியாகத்தான் படித்தேன். உருது தெரிந்த, ஆம்பூர்க்காரரான நண்பர் மூலத்தை வைத்துக்கொண்டு உதவினார். ‘சாரி’ கதையின் மொழிபெயர்ப்பொன்றில் ‘மிஷ்டேக்’ என்ற சொல் ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று மாறியிருந்ததைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார். ஆளை மாற்றிக் கொன்றுவிட்டவன், பேருந்தில் காலை மிதித்துவிட்டவனைப் போல அரைகுறை ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவிப்பதுதான் அந்தக் கதை. ‘மிஷ்டேக் ஆயிடுச்சு’ என்று நம் தெருவிலும் நாள்தோறும் கேட்கிற சொல்தான் அது. அடுத்து யாராவது தமிழில் செய்தால், அந்த ‘ஷ்’ஷைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.